ஐந்து புள்ளிகள்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

நான் நலம். இருமல் மட்டும் குடிவந்த இடத்தைக் காலி செய்ய மாட்டேன் என்கிறது. உங்கள் இடது கண் எப்படி இருக்கிறது? அண்ணியும் குழந்தைகளும் சௌக்கியம்தானே?

லேசர் வந்து, பூட்டி, ஓடவும் ஆரம்பித்துவிட்டது. அத்தை என்னதான் செய்கிறாள் என்று பெரியவள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: அடுப்பில் உலோகத்தை ஆவியாக்கி, அந்த அணுக்களை லேசரால் ஒரு தட்டு தட்டுகிறாள். தட்டு வாங்கிய அணு அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு ஒளியாகக் கீழே போட்டுவிடும். எவ்வளவு நேரம் வைத்திருந்தது என்று லட்சக்கணக்கான தடவை கடிகாரம் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

லேசர் வெளிச்சம் நேரே போய் ஒளி எண்ணும் குழாயில் விழுந்து பெரிய தொல்லை. கடைசியில் நான் தின்று தீர்த்த பிஸ்கட் டப்பாவை வெட்டி, ஆணியால் ஓட்டை போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்து உள்ளே வைத்துவிட்டேன். உள்விளிம்பில் பெயின்ட் ஒட்டாமல் உதிர்கிறது. கைடிடம்கூடச் சொல்லவில்லை, மானம் போய்விடும். கட்டுரையில் 'ஒளித்தடுப்பு' என்று கௌரவமாக எழுதிக்கொள்ளலாம்.

இப்போது விஷயம். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நீங்கள் உங்கள் ஆய்வில் அளந்த அதே அணுநிலையின் ஆயுளை முதலில் எடுத்தேன். உங்கள் 4.12 மைக்ரோ வினாடி கண்ணை மூடிக்கொண்டு வரும் என்று நினைத்தேன். வந்தது 3.36. மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கைடு நேற்று கூப்பிட்டுச் சொன்னார்: "வேற ஒரு குரூப்பும் இதையே அளக்கிறாங்களாம். அடுத்த மார்ச்சுக்குள்ள உன் நம்பர் அச்சுல வந்துட்டா இங்க வேலை உனக்குத்தான். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எங்கே தப்பு செய்கிறேன் அண்ணா?

உங்கள் தங்கை,
வாலு


மார்ச் 2

அன்புள்ள வாலு,

இங்கே அனைவரும் நலம். உன் இருமலுக்கு முதலில் டாக்டரைப் பார், பிறகு அணுவைப் பார்க்கலாம். என் கண்ணில் புரை முற்றிக்கொண்டிருக்கிறதாம். கரும்பலகையில் நான் எழுதியது எனக்கே மங்கலாகத் தெரிகிறது. பையன்களுக்கு அதில் ஏக சந்தோஷம்.

பிஸ்கட் டப்பா ஆராய்ச்சியாளரே, பதற்றப்படாதே. அணு தன் நேரத்துக்கு முன்பே அணைவதுபோல் தெரிந்தால் யாரோ அதை இடிக்கிறார்கள் என்று அர்த்தம். உன் வெற்றிடக் குழாயில் எங்கோ காற்று கசிகிறது. பம்பைக் கழற்று. ஒவ்வொரு மூட்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார். என் எண் அணு அளவீடுகளைத் தொகுக்கும் கையேட்டில் ஏறிப் பதினாறு வருஷம் ஆகிறது. உலகம் முழுவதும் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அது ஓடிப்போகாது, நீ நிதானமாகச் செய்.

அண்ணி விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

இருமல் போய்விட்டது. அது ஒன்றுதான் போயிருக்கிறது. கண் டாக்டர் வேறு என்ன சொன்னார்?

பம்பைக் கழற்றி மாட்டுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டு ரப்பர் வளையம் மாற்றினேன். கசிவே இல்லை. இப்போது வருவது 3.35.

உங்கள் பழைய கட்டுரையை வரிவரியாகப் படித்துவிட்டேன். அடுப்பின் வெப்பநிலையை மாற்றிப் பார்த்தும் ஆயுள் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்தப் பக்கம் நான் போகவேயில்லை, என் அடுப்பு எப்போதும் 290 டிகிரியில்தான். வேறு எங்கே பார்ப்பது? அப்போது உங்களுடன் அதே லேபில் அண்ணியும் இருந்தார்களே, அவர்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

வாலு


ஏப்ரல் 28

அன்புள்ள வாலு,

இங்கே அனைவரும் சுகம். கண்ணுக்கு ஆபரேஷன் தவிர வழியில்லையாம், தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, சூடான அணு சும்மா நிற்காது, ஓடும். நீ பார்க்கும் ஜன்னலைத் தாண்டி ஓடிவிட்டால் அது அணைந்துவிட்டதாகக் கணக்கில் வரும். ஜன்னலை அகலமாக்கு. இரண்டு, ஒரு தட்டுக்கு முதலில் வரும் ஒளித்துகளோடு உன் கடிகாரம் நின்றுவிடும், பின்னால் வருவதை எண்ணாது. ஒளி அதிகமானால் ஆயுள் குறைந்துதான் தெரியும். நூறு தட்டுக்கு ஒன்று வரும்படி குறைத்துக்கொண்டு பொறுமையாக எண்ணு. இரண்டையும் செய்யாமல் யாரிடமும் எண்ணைக் காட்டாதே, சிரிப்பார்கள்.

அண்ணிக்கு அதெல்லாம் மறந்தே போய்விட்டது. அவள் லேபுக்கு வந்ததே இரண்டு வருஷம்தான்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள அண்ணா,

ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன், உண்மையாகவே நன்றாக இருக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

ஜன்னலை அகலமாக்கினேன். நூற்றுக்கு ஒன்று என்று எண்ணினேன். ஒரு வரைகோடு முடிக்க மூன்று நாள் ஆனது. அப்போதும் 3.36. அப்புறம் போன மாதம் ஒரு காலை, அடுப்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி பழுதாகி, வெப்பம் தானாக ஏறிவிட்டது. எரிச்சலோடு அளந்தால் 3.7! அப்படியே இன்னும் ஏற்றிக்கொண்டே போனேன். 420 டிகிரியில், அண்ணா, நீங்கள் அளந்த அதே சூட்டில், எனக்கும் 4.12 வந்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சூடு ஏறினால் ஆவி அடர்த்தியாகிறது. ஓர் அணு போட்ட ஒளியைப் பக்கத்து அணு வாங்கிக்கொள்கிறது. அது போட்டதை அடுத்தது வாங்குகிறது. கல்யாண வீட்டில் கைக்குழந்தை இடுப்புக்கு இடுப்பு மாறி வாசலுக்கு வந்து சேரத் தாமதமாவது மாதிரிதான். நாம் வாசலில் நின்றுகொண்டு அணு இவ்வளவு நேரம் விழித்திருந்தது என்று எழுதிக்கொள்கிறோம். அது எப்போதோ அணைந்துவிட்டது.

ஒன்றுதான் புரியவில்லை. நீங்கள் சொன்ன மூன்று காரணங்களும் என் எண்ணைக் குறைக்கக்கூடியவை. உங்கள் எண்ணைக் கூட்டக்கூடியது இது ஒன்றுதான், இதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. வெப்பநிலையை மாற்றியும் மாறவில்லை என்ற அந்த வரி எப்படி வந்தது? பழைய நோட்டு இருந்தால் பார்த்து எழுதுங்கள்.

கட்டுரையை இன்று ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். 'முந்தைய அளவீட்டை ஆவியின் அடர்த்தி பாதித்திருக்கலாம்' என்று மெதுவாகத்தான் எழுதியிருக்கிறேன். கோபமில்லையே?

வாலு


நவம்பர் 5

அண்ணா,

ஜூனில் எழுதியதற்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. ஆகஸ்டில் ஒரு கார்டு போட்டேன், அதற்கும் இல்லை. ஆபரேஷன் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

நேற்றுக் கட்டுரை திரும்பி வந்தது. நாலரை மாதம் ஒருவர் கையில் இருந்திருக்கிறது. பத்திரிகை கருத்துக் கேட்ட மதிப்பீட்டாளர் யார் என்று சொல்ல மாட்டார்கள், அது வழக்கம். கசிவு இருக்கிறதா என்று பம்பைச் சோதிக்க வேண்டுமாம். ஜன்னலை அகலமாக்க வேண்டுமாம். நூறு தட்டுக்கு ஒன்று வரும்படி எண்ண வேண்டுமாம். இந்த மூன்றையும் செய்தாயிற்று என்று கட்டுரையிலேயே இருக்கிறது. போகட்டும், அவசரத்தில் படித்திருப்பார் என்று விட்டுவிடலாம். நாலாவதாக ஒன்று கேட்டிருக்கிறார். அதை அப்படியே எழுதுகிறேன்:

'தகர டப்பாவின் உள்விளிம்பில் கறுப்புப் பூச்சு உதிர்ந்து எதிரொளி உண்டாகியிருக்கலாம். ஆசிரியர் இதை விளக்க வேண்டும்.'

கட்டுரையில் டப்பா என்ற வார்த்தையே கிடையாது. 'ஒளித்தடுப்பு' என்றுதான் எழுதினேன். அது தகரம் என்பதும் பெயின்ட் உதிர்கிறது என்பதும் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

உங்கள் எண்ணை மறுக்கும் கட்டுரையை உங்களிடமே அனுப்பிக் கேட்பது பத்திரிகைக்காரர்களுக்கு இயல்புதான். இனிஷியல் ஒன்றாக இருப்பதை வைத்து நாம் கூடப்பிறந்தவர்கள் என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? சொல்லியிருக்க வேண்டியது நீங்கள்.

நான் சண்டைக்கு வரவில்லை. மார்ச்சுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. பதிலைத் திருப்பி அனுப்பிவிட்டேன், மறுபடி உங்கள் மேஜைக்குத்தான் வரும். 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பிவிடுங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை, விளக்கம்கூட வேண்டாம்.

தங்கை


ஜனவரி 19

அன்புள்ள வாலு,

நீயும் உடல்நலத்தோடு இருப்பாய் என நம்புகிறேன். இங்கே அனைவரும் சுகம். பெரியவளுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. எனக்கு ஒரு வழியாக ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், மே கடைசியில்.

உன் கடிதம் கிடைத்தது. ஆராய்ச்சியில் அவசரம் கூடாது. ஓர் எண்ணை மாற்றுவது சட்டையை மாற்றுவது இல்லை. நல்ல வேலையாக இருந்தால் எவ்வளவு தாமதமானாலும் அது நிற்கும். தாமதத்தால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

அங்கே வேலை அமையாவிட்டால் மனம் தளராதே. எங்கள் துறையில் செய்முறை வகுப்பு எடுக்க ஓர் இடம் காலியாக இருக்கிறது. நான் சொன்னால் தட்ட மாட்டார்கள். வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். யோசித்து எழுது.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ இளைத்துவிட்டாய் என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். கண் தெரியவில்லை என்று அவர்தான் என்னைப் படிக்கச் சொல்கிறார். நவம்பர் கடிதத்தையும் நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். டப்பா வரி வந்ததும், "போதும், வை" என்றார். மிச்சத்தை நான் சமையலறையில் நின்று படித்தேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் பழைய லேப் நோட்டிலிருந்து கிழித்தது. கையெழுத்து என்னுடையது, தேதியைப் பார். 300 டிகிரியில் 3.38. 330இல் 3.45. 360இல் 3.60. 390இல் 3.84. 420இல் 4.12. ஐந்து வெப்பநிலை, ஐந்து வாரம். அந்தக் காலத்து லேசரில் முதல் புள்ளிக்கு மட்டும் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தேன்.

அளந்து முடித்த அன்றே தாளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அஞ்சும் அஞ்சு விதமா இருக்குங்க, சூடு ஏற ஏறக் கூடுது" என்றேன். ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தீசிஸ் குடுக்க மூணு மாசம்தான் இருக்கு. சிக்னல் நல்லா இருக்கிறது கடைசிப் புள்ளிதான், அது போதும். இப்பப் போய்க் குழப்பாதே" என்றார். எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் மென்று விழுங்கிவிட்டேன். கட்டுரை அச்சில் வந்தபோது அந்த வரியைப் படித்தேன். மாற்றிப் பார்த்தோம், மாறவில்லை. மாற்றிப் பார்த்தது நான்தான்.

எனக்கு மறந்துவிட்டது என்று உனக்கு எழுதியதாக அவரே சொன்னார். எனக்கு அந்த ஐந்து எண்ணும் குழந்தைகள் பிறந்த தேதி மாதிரி நினைவிருக்கிறது. இத்தனை வருஷமும் வாயைத் திறக்காததற்கு வெட்கப்படுகிறேன். பம்பைக் கழற்றச் சொல்லி அவர் எழுதிய அன்றே உனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம், போடவில்லை. திட்டுவதாக இருந்தால் என்னையும் சேர்த்துத் திட்டு.

உன் அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களாவது நலமாக இருங்கள்.

அந்த இன்னொரு குழு போன மாதம் அச்சில் வந்துவிட்டது. அவர்கள் எண் 3.37. என் கட்டுரையை அதற்கு ஒரு வாரம் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பீட்டாளருக்குத் திடீரென்று எந்த ஆட்சேபணையும் இல்லையாம். இனி என் எண் 'உறுதிசெய்யும் அளவீடு'. அதாவது ஏற்கெனவே தெரிந்ததை இன்னொரு தடவை சொன்னவள். கைடு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்: "மார்ச்னு சொன்னேன். மேல இருக்கறவங்க யார் முதல்ல வந்தாங்கன்னுதான் கேக்கறாங்க." வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. தீசிஸ் கொடுத்தவுடன், கண்ணுக்குள் வைக்கும் வில்லை செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேருகிறேன். அண்ணன் சொன்ன இடத்துக்கு வர மாட்டேன். அதற்குப் பதில்கூட எழுதப்போவதில்லை.

உங்கள் தாளை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. உங்கள் ஐந்து புள்ளிகளையும் என் படத்தின் மேல் வைத்தேன் அண்ணி. ஐந்தும் என் கோட்டின் மேலேயே உட்காருகின்றன. அண்ணனுடைய எண்ணும் அதில்தான் இருக்கிறது, வலது ஓரத்தில். அது தப்பான எண்ணே இல்லை. அந்தச் சூட்டில் யார் அளந்தாலும் அதுதான் வரும்.

முதலில் வந்தது அந்தக் குழு இல்லை, நானும் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் வந்துவிட்டீர்கள். தீசிஸில் அந்தப் படத்தின் கீழே உங்கள் முழுப்பெயரையும் தேதியையும் போடப்போகிறேன். உங்களைத் திட்டச் சொன்னீர்கள். கொஞ்சம் திட்டினேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது ஆறிவிட்டது. சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

வாலு


மார்ச் 27

அன்புள்ள வாலு,

பெயரைப் போடாதே.

புள்ளிகளைப் போடு. ஐந்தையும் போடு, ஒன்றைக்கூட விடாதே. பெயர் மட்டும் வேண்டாம். பெரியவளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. அப்பா எழுதிய கட்டுரையைச் சட்டம் போட்டுப் படிக்கிற மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வேன்? நீ அங்கே இருந்துகொண்டு கோபப்படலாம். நான் இந்த வீட்டில் காலையில் எழுந்து காபி போட வேண்டும்.

உன் கோபம் நியாயமானது. எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை, அவ்வளவுதான். புதிய வேலையில் மேஜைக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருகிறதா என்று பார்த்து உட்கார்.

உன் அண்ணி


ஜூன் 7

அன்புள்ள வாலு,

இங்கே அனைவரும் நலம். உன் நலத்துக்கும் புதிய வேலைக்கும் எங்கள் ஆசிகள். எனக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது கண்ணில் கட்டு இருக்கிறது. எழுதக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுகிறாள். உள்ளே வைத்த வில்லை உன் கம்பெனியுடையதா என்று கேட்க மறந்துவிட்டேன்.

அண்ணிக்கு நீ அனுப்பிய தீசிஸ் வந்தது. படுத்தபடியே இருந்ததால் அவள்தான் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினாள். நன்றாக எழுதியிருக்கிறாய். என் எண்ணைப் பற்றி எழுதிய இடத்திலும் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாய். கையேட்டின் அடுத்த பதிப்பில் மாற்றிவிடுவார்களாம். மாற்றட்டும். பழையதை எல்லாம் கிளறி என்ன ஆகப்போகிறது? நீ என்னோடு பேசாமல் இருப்பது மட்டும்தான் எனக்கு வருத்தம்.

ஒன்று கேட்க வேண்டும். மூன்றாவது படத்தை மட்டும் வாங்கி, நல்ல கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உன் புள்ளிகளோடு வெற்று வட்டமாக ஐந்து புள்ளிகள் இருக்கின்றன. கீழே, 'அச்சில் வராத பழைய அளவீடு, பெயர் தெரிவிக்க விரும்பாதவர்' என்று போட்டிருக்கிறாய். யார் அது? பழைய கருவி என்கிறாய், ஆனால் பிழை எவ்வளவு குறைவாக இருக்கிறது! முதல் புள்ளிக்கு மட்டும் பல நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி அளக்கத் தெரிந்த ஓர் ஆள் அப்போது என்னோடு லேபில் இருந்திருந்தால் என் கதையே வேறு மாதிரி இருந்திருக்கும். பெயரையும் முகவரியையும் எழுது. அவருக்கு இரண்டு வரி பாராட்டி எழுத விரும்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

வாலு, அவர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதிவிட்டேன். முகவரி கேட்டதற்கு நீ பதில் எழுதாதே, அவராகக் கண்டுபிடிக்கிறாரா பார்க்கிறேன். நான் இங்கேதான் இருக்கிறேன். அண்ணி.